27 அடிப் பாய்ப்படகின் பின்கம்பியில் எந்த பார்பிக்யூ அடுப்பை மாட்டலாம்?

பாய்க்காரன்27 (ஸ்கார்பரோ)

எல்லோருக்கும் வணக்கம். போன இலையுதிர் காலத்தில் பழைய சி அண்ட் சி 27 மாதிரிப் பாய்ப்படகு ஒன்றை வாங்கினேன். வயதில் என்னைவிட மூத்த படகு. ஒன்டாரியோ ஏரிக்கரையில் பிளஃபர்ஸ் பார்க்கில் கட்டியிருக்கிறேன். மே மாதம் தண்ணீரில் இறக்கியதிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான்: "படகில் எப்போது கோழி சுடப் போகிறோம்?" பாய் விரிப்பதைப் பற்றி யாரும் கேட்பதாக இல்லை.

பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் மாட்டும் அடுப்பு வேண்டும். கடையில் மூன்று வகை பார்த்தேன்: வட்டச் சட்டி வடிவத்தில் 14.5 அங்குலம், அதிலேயே 17 அங்குலம், பிறகு நீள்சதுரப் பெட்டி. மூன்றும் ப்ரோபேன். சாப்பிட நான்கு பேர், சில ஞாயிறுகளில் ஆறு பேர். துருப்பிடிக்காத எஃகில் 316 வகைதான் வேண்டுமா, 304 போதுமா? எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

நங்கூரம்72 (டொராண்டோ)

வாழ்த்துகள் தம்பி. அடுப்பைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், அதைத் தாங்கப் போகும் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

டொராண்டோ தீவுகளில் ஹான்லன்ஸ் பாயிண்ட் பக்கம் ஒரு சனிக்கிழமை நங்கூரம் போட்டிருந்தோம். முகாம் போடுகிறவர்களுக்கு விற்கும் மலிவான அடுப்பு. ஒற்றைத் திருகுப் பிடியில் பொருத்தி, பின்கம்பியின் கிடைக்குழாயில் மாட்டியிருந்தேன். காலையில் இறுக்கியபோது கல்லைப் போல நின்றது. மதியம் ஏதோ ஒரு விசைப்படகு அருகில் போக, அலை வந்து எங்களை இரண்டு முறை உருட்டியது. பிடி கழன்று விழவில்லை. குழாயைச் சுற்றியே மெல்லத் திரும்பியது, யாரோ நிதானமாகக் கதவைத் திறப்பதைப் போல. முதலில் மூடி பிளந்தது. பிறகு ஆறு கம்பிக் கோழியும் வரிசை குலையாமல் வழுக்கி ஏரிக்குள் இறங்கின; ஒவ்வொன்றும் தண்ணீரைத் தொட்டபோது தனித்தனியாக ஒரு "உஸ்". இடுக்கியைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி அதை இன்றும் வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டுகிறாள்.

கணக்கைப் பாருங்கள். அடுப்பும் சிலிண்டரும் இறைச்சியும் சேர்ந்து 8 கிலோ என்று வையுங்கள். அது குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே தொங்கினால் 24 நியூட்டன் மீட்டர் முறுக்கு. படகு உருளும்போது இன்னும் கூடும். அத்தனையையும் வழவழப்பான உருண்டைக் குழாயில் ஒரு சிறிய தாடை தாங்க வேண்டும். இன்னும் இறுக்கலாம் என்றால், மெல்லிய சுவருள்ள குழாய் நசுங்கிவிடும். ஆகவே கிடைக்குழாயும் செங்குத்துக் காலும் சேரும் மூலையைத் தேடுங்கள். கிடைக்குழாயில் தொங்கி, செங்குத்துக் காலில் முட்டுக்கொடுத்து நிற்கும் இரட்டைப் பிடியாக வாங்குங்கள்.

கடைக்குப் போகுமுன் மூன்று விவரம் எழுதுங்கள். ஒன்று, குழாயின் வெளிவிட்டம். முக்கால் அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் இடையில் 7/8 என்று ஒரு அளவு உண்டு, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு, பின்பாய்மரக் கம்பி (பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்பக்கம் வரும் கம்பி), கொடிக்கம்பு, உயிர்காப்பு வளையம், ஜி.பி.எஸ். ஆன்டெனா ஆகியவை எங்கே இருக்கின்றன. மூன்று, உங்கள் படகில் அட்டாமிக் 4 பெட்ரோல் எந்திரம்தானே? பெட்ரோல் தொட்டியின் காற்றுக்குழாய் எங்கே திறக்கிறது? அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாய்க்காரன்27

அண்ணா, இன்று மாலை அளவு நாடாவோடு போனேன். குழாய் ஒரு அங்குலம். கொடிக்கம்பு நடுவில், பின்பாய்மரக் கம்பியை ஒட்டி. உயிர்காப்பு வளையம் வலப்பக்கம்.

நான் அடுப்புக்கென்று மனத்தில் வைத்திருந்த இடம் இடப்பக்க மூலை. குனிந்து பார்த்தேன். பெட்ரோல் தொட்டியின் காற்றுக்குழாய் நேராக அதன் கீழேதான் திறக்கிறது, சுட்டுவிரல் பருமனில் ஒரு சின்ன வாய். மூக்கை வைத்தால் வாசனை வருகிறது. இந்தப் படகை வாங்கி எட்டு மாதமாகிறது, இன்றுதான் அதை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

பிட்வாட்டர்வாசி (சிட்னி)

நல்ல வேளை. வளையத்தை இடப்பக்கம் மாற்றுங்கள், அடுப்பை வலப்பக்கம் கொண்டுபோங்கள். எரிவாயு இணைப்பதுதான் எனக்குத் தொழில் என்பதால் அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ப்ரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி இறங்கும். அடுப்பு கம்பிக்கு வெளியே, தண்ணீருக்கு மேல் தொங்கினால், காற்றில் சுடர் அணைந்தாலும் வாயு ஏரியில் விழுந்து கலைந்துவிடும். அதே அடுப்பு கம்பிக்கு உள்ளே, காக்பிட்டின் (படகின் பின்பக்கம் உட்காரும் திறந்த பள்ளம்) மேல் இருந்தால் வாயு இருக்கைக்கு இறங்கி, படிவாசல் வழியாகக் கேபினுக்குள் போய், படகின் அடிப்பள்ளத்தில் தங்கும். கம்பியில் மாட்டும் அடுப்புகள் பலவற்றில் சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு இல்லை. விற்பனையாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள், எஃகின் எண்ணைப் பிறகு கேட்கலாம்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறிய சிலிண்டரில் 465 கிராம் ப்ரோபேன். ஆவியானால் ஏறத்தாழ 250 லிட்டர். காற்றில் சுமார் 2 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். அதாவது அந்தக் கைப்பிடி அளவுச் சிலிண்டர் 12 கன மீட்டர் காற்றை வெடிக்கும் கலவையாக்கப் போதும். உங்கள் கேபின் முழுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும்.

அதனால் மாற்றுச் சிலிண்டர்களை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் போடாதீர்கள். ஒருமுறை திருகிக் கழற்றிய சிலிண்டரின் வால்வு சில நேரம் முழுதாக மூடிக்கொள்ளாது, மெல்லக் கசியும். பின்கம்பியில் வெளிப்புறமாகத் துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். எரிவாயுப் பெட்டியே கட்டுவதென்றால் அமெரிக்கப் படகுத் தரமான ஏ.பி.ஒய்.சி. ஏ-1ஐப் படியுங்கள். பெட்டியின் அடியிலிருந்து வடிகால் நேராகப் படகுக்கு வெளியே போக வேண்டும், உள்ளே திறக்கும் எந்தத் துளைக்கும் 20 அங்குலத்துக்குள் அது முடியக்கூடாது.

இன்னொரு குழப்பம். கேபின் அடுப்புக்கு வரும் குழாயில் அழுத்தம் ஏற்கெனவே குறைக்கப்பட்டிருக்கும், 2.75 கிலோபாஸ்கல் அளவுக்கு. சின்னச் சிலிண்டருக்குள் இருப்பதோ அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. சிலிண்டருக்கென்று செய்த வால்வுக் குமிழில் குறைந்த அழுத்தக் குழாயைச் செருகினால் மெழுகுவத்தி போல எரியும், "அடுப்பு சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பார்கள். மறுதலையாகச் செய்தால் திருப்பிக் கொடுக்க அடுப்பு இருக்காது. எந்த வாயுவழிக்கு எந்த வால்வு என்பதை வாங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

சிரட்டைக்கரி (சவுத்தாம்ப்டன்)

எல்லோரும் ப்ரோபேனைப் பற்றியே பேசுகிறீர்கள், கரியை யாரும் நினைக்கவே இல்லையா? நான் சோலன்ட் நீரிணையில் பதினோரு வருடமாகக் கரி அடுப்புதான் வைத்திருக்கிறேன். வெடிக்கும் பயம் இல்லை, வால்வு இல்லை, குழாய் இல்லை. இலங்கையிலிருந்து வரும் தேங்காய்ச் சிரட்டைக் கரி இங்கே எளிதாகக் கிடைக்கிறது. புகை குறைவு, சாம்பல் குறைவு, நின்று எரியும். கேஸ் அடுப்பில் சுட்ட மீனுக்கும் வீட்டில் ஓவனில் வைத்த மீனுக்கும் எனக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் செய்யும் கோப் என்ற அடுப்பையும் பாருங்கள். நடுவில் பத்துக் கரிக்கட்டி, சுற்றிலும் தண்ணீர் ஊற்ற ஒரு அகழி. கொழுப்பு அதில் விழுகிறது, வெளிச்சுவர் தொடும் அளவுக்குத்தான் சுடுகிறது.

வெங்காயத்தாள் (மிசிசாகா)

சுவையில் நீங்கள் சொல்வது சரி அண்ணா. ஆனால் கரியைப் பற்ற வைத்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அணைக்க இன்னும் ஒரு மணி நேரம். மூன்று மணிக்கு இடியோடு மழை வருகிறது என்று வானொலி சொன்னால் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நெருப்பு "நான் இன்னும் முடிக்கவில்லை" என்கிறது. கேஸ் என்றால் ஒரு திருகு.

போன வருடம் எங்களுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்தவரின் கரிப்பொறி ஒன்று அவர் பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகில் விழுந்தது. பெரிய தீ ஒன்றும் இல்லை, பொத்தான் அளவுக்கு ஒரு ஓட்டை. அது மெல்லச் சுருங்கியதை நாங்கள்தான் முதலில் கண்டு கூப்பிட்டுச் சொன்னோம். அவர் மனைவியும் பிள்ளைகளும் கரையில் இருந்தார்கள், அவர்களைக் கூட்டிவர எங்கள் துடுப்புப் படகுதான் போனது. எந்த அடுப்பானாலும் சின்னப் படகைப் பின்னால் நீளக் கயிற்றில் விடுங்கள், அல்லது பக்கவாட்டில் கட்டுங்கள்.

பாய்க்காரன் தம்பி, கட்டுதுறையில், அதாவது மரீனாவில், வைத்துச் சுட அனுமதி உண்டா என்றும் அலுவலகத்தில் கேளுங்கள். பல இடங்களில் கரிக்குத் தடை, சில இடங்களில் எதற்கும் தடை.

பிட்வாட்டர்வாசி

கரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. மழை வந்தால் அரைகுறையாக அணைந்த அடுப்பைக் கேபினுக்குள் எடுத்துப் போகாதீர்கள். சிவப்பு தெரியாவிட்டாலும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். வாசனை கிடையாது. உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

சிரட்டைக்கரி

ஒப்புக்கொள்கிறேன். என்னுடையது இரவு முழுவதும் வெளியேதான் தொங்கும். சாம்பலைத் தகர டப்பாவில் போட்டு மூடிக் கரைக்குக் கொண்டுபோகிறேன். கேஸுக்கு மாறமாட்டேன்.

மழைநகர் (பேர்கன்)

எங்கள் பக்கத்துப் பிரச்சினை குளிர். ப்யூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரைப் பாகை கீழே, ப்ரோபேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு 42 பாகை கீழே. முதல் வருடம் தெரியாமல் ப்யூட்டேன் வாங்கி வைத்திருந்தேன். ஜூலையில் அருமையாக எரிந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை, 6 பாகை இருக்கும், சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்புகிறது, அடுப்பிலோ ஊதுபத்தி அளவுக்குத்தான் நெருப்பு. சிலிண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று சமைத்தேன். மீன் வெந்தது, எனக்குத்தான் சளி பிடித்தது.

ஒன்டாரியோ ஏரியிலும் அக்டோபரில் இது வரலாம், ஆகவே ப்ரோபேன்தான் சரி. அதுவும் தொடர்ந்து எரிந்தால் குளிர்ந்து சிலிண்டருக்கு வெளியே பனி படியும். அது பழுது இல்லை.

கோடையில் இங்கே தூண்டிலைப் போட்டால் கானாங்கெளுத்தி வகை மீன் வாளி நிறைய வரும். எண்ணெய் மீன் என்பதால் கம்பித்தட்டில் நேராக வைத்தால் கொழுப்பு சொட்டித் தீ எழும்பும். இரண்டு பக்கமும் மூடும், நீளக் கைப்பிடி உள்ள கம்பிக்கூடை ஒன்று வாங்குங்கள். மீன் உடையாது, முழுக்கூடையையும் ஒரே திருப்பாகத் திருப்பலாம், படகு உருண்டாலும் இரவுச் சாப்பாடு கையில் இருக்கும். நங்கூரம் அண்ணாவிடம் அன்று அது இருந்திருக்க வேண்டும்.

நங்கூரம்72

குத்திக் காட்டியதற்கு நன்றி.

ஓடம்போக்கி (சென்னை)

படகே இல்லாதவன் ஒருவன் இதை முழுவதும் படித்துக்கொண்டிருக்கிறேன். "மரீனாவில் அடுப்புக்குத் தடை" என்றதும் சுண்டல் வண்டிக்காரர்களை நினைத்துத் திடுக்கிட்டேன். ஒரு கேள்வி: எல்லாப் படகிலும் ஏன் பின்பக்கம்? முன்னால் மாட்டினால் என்ன?

வெங்காயத்தாள்

நங்கூரம் போட்ட படகு காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி நிற்கும். காற்று முன்னாலிருந்து வந்து பின்னால் போகிறது. அடுப்பு பின்னால் இருந்தால் புகையும் பொறியும் படகை விட்டு விலகும். முன்னால் வைத்தால் கேபினுக்குள் இருக்கும் எல்லோரும் கருவாடு.

கட்டுதுறையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே படகு கட்டிப்போட்ட பக்கமே நிற்கும், கச்சான் காற்று எழும்பினால் புகை முழுவதும் பக்கத்துப் படகுக்காரருக்கு.

லித்தியம்குடிகாரன் (பிரிஸ்பேன்)

மின்சார அடுப்பை யாரும் சொல்லவில்லையே. கரை மின்சாரம் இருந்தால் 1500 வாட் அடுப்பு நன்றாகவே வேலை செய்கிறது. நங்கூரத்தில் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து எடுத்தால் 125 ஆம்பியர், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 140. என்னிடம் பெரிய லித்தியம் மின்கலம் இருக்கிறது, சமாளிக்கிறேன். பாய்க்காரன் படகில் எந்திரத்தைக் கிளப்பும் ஈய மின்கலம் மட்டும்தான் இருக்கும் என்றால், கோழி பாதி வேகுமுன் எந்திரம் கிளம்பாது. அவருக்கு வேண்டாம்.

நங்கூரம்72

இப்போது தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன், பாவம், அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்பு அரிப்பைத் தாங்க. சிட்னியில் அது காசுக்குத் தகும். ஒன்டாரியோ நன்னீர் ஏரி, 304 போதும். ஏரியில் உப்பு இல்லை, உங்கள் மசாலாவில் இருக்கிறது. அதைக் கழுவினால் சரி. முதல் நாளிலேயே மூடி பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறும். அது சூட்டு நிறம், துரு இல்லை. போன வருடம் ஒரு நண்பர் அதைத் தேய்த்துத் தேய்த்துத் தோளைச் சுளுக்கிக்கொண்டார்.

அளவு: 14.5க்கும் 17க்கும் வித்தியாசம் இரண்டரை அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பில் ஏறத்தாழ 37 சதவீதம் கூடுகிறது, அதற்கேற்ப எடையும், காற்று பிடிக்கும் மூடியும். மூடியைத் திறந்து வைத்தால் அதுவும் ஒரு பாய்தான். நான்கு பேருக்குச் சின்னது போதும். ஆறு பேர் வந்தால் இரண்டு பந்தி. வட்டச் சட்டி காற்றைச் சுற்றிப் போகவிடும், பெட்டி வடிவம் எதிர்த்து நிற்கும். பெட்டியில் வேலை செய்வது வசதி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆறு கோழிக்கால் அதில்தான் ஒழுங்காகப் படுக்கும்.

எரிபொருள் கணக்கு: 465 கிராமில் ஏறத்தாழ 22,000 பி.டி.யு. (வெப்ப அலகு). அடுப்பு மணிக்கு 9,000 எடுத்தால் முழுச் சுடரில் இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரு வார இறுதிக்கு ஒன்று, கையிருப்பாக இன்னொன்று.

பாய் விரித்தால் அடுப்பைக் கழற்றி உள்ளே வையுங்கள், சிலிண்டரைக் கழற்றி வெளியிலேயே விட்டுவிட்டு. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றும்போது அடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வசந்தத்தில் முதல்முறை பற்றவைக்குமுன் எரிகுழாய்க்குள் ஒரு கம்பித் தூரிகையை விட்டு எடுங்கள். சிலந்திகளுக்கு அந்தக் குழாய் மிகவும் பிடிக்கும். வலை அடைத்தால் நெருப்பு முன்னால் வராமல் குமிழ்ப் பக்கம் எரியும்.

பாய்க்காரன்27

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 14.5 அங்குல வட்டச் சட்டி, வலப்பக்க மூலையில் இரட்டைப் பிடி. அடுப்பின் விலையில் கால்பங்கு பிடிக்கே போனது. மாட்டிய பிறகு பத்து லிட்டர் தண்ணீர் வாளி ஒன்றை அதில் தொங்கவிட்டு, மைத்துனரைப் படகின் ஓரத்தில் நின்று குதிக்கச் சொன்னேன். அசையவில்லை. சவர்க்கார நுரையைத் தேய்த்து இணைப்பைப் பார்த்தேன். முதல் சிலிண்டரில் குமிழி வந்தது. கழற்றித் திரும்பத் திருகியபோது நின்றது, மரை கோணலாக ஏறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கார்பரோவின் களிமண் பாறைகளுக்கு எதிரே நங்கூரம் போட்டோம். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி. இரவே ஊறப்போட்ட கோழி. கம்பிக்கூடையில்தான். மூன்று நான்கு முறை அலை வந்தது. ஒரு துண்டுகூட விழவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முடித்துவிட்டுத் துடைக்கும்போது மூடியைக் கழற்றிக் காக்பிட் இருக்கையில் வைத்தேன். வட்டமான மூடி. அது உருண்டு, இருக்கையின் ஓரத்தில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, கம்பிக்கு அடியால் நழுவி ஏரிக்குள் போய்விட்டது. ஆழம் 7 மீட்டர் காட்டியது. மாற்று மூடி மட்டும் தனியாக எங்கே வாங்கலாம்?

வெங்காயத்தாள்

உதிரிப்பாகமாகத் தனியே விற்கிறார்கள் தம்பி, மாதிரி எண்ணைச் சொல்லி எந்தப் படகுச் சாமான் கடையிலும் கேளுங்கள். வந்ததும் கைப்பிடியில் ஒரு முழம் மெல்லிய எஃகுக் கயிறு கட்டிக் கம்பியோடு சேர்த்துவிடுங்கள்.

நங்கூரம்72

என் வீட்டில் இதைப் படித்துக் காட்டினேன். இனி மூடியையும் நடித்துக் காட்டப் போகிறாளாம்.